சப்பாத்தைக் கழற்றும் நேரம்

“உந்தப் பிள்ளைக்குக் கால் உளையுது பார்” என்றார் சித்தப்பா.

படத்தில் காலே இல்லை. தோள்வரைக்கும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான். நெருங்கி நிற்கும் இரண்டு முகங்கள், ஒடுங்கிய கண்கள், பூச்சுக்குக் கீழே வெளிறிப்போன தோல். ஜான் மாமன் என்ற பேர்லின் ஓவியர் 1928, 29 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ‘ரெவ்யூப் பெண்கள்’. பெரிய இசை அரங்குகளில் இறகும் மினுக்குமாக உடுத்து, ஒரே வரிசையில் நின்று, ஒரே உயரத்துக்குக் கால் தூக்கி ஆடியவர்களுக்கு அந்தப் பெயர். அந்த ஆட்டத்தில் சனம் பார்க்க வந்ததே காலைத்தான். மாமன் அதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் வரைந்திருக்கிறார். சித்தப்பா அந்த முகத்திலிருந்து காலைக் கண்டுபிடித்துவிட்டார்.

அது 2017 டிசம்பர். ‘பேர்லினிஷ கலரி’ அருங்காட்சியகத்தில் மாமனின் 65 வருட வேலையை ஒன்றாக வைத்திருந்தார்கள், 1910 முதல் 1975 வரை. குறொய்ஸ்பேர்க்கில், முன்பு கண்ணாடிக் கிடங்காக இருந்த கட்டடம் அது. வாசலில் மஞ்சள் நிலத்தில் கறுப்பு எழுத்துகளாக ஓவியர்களின் பெயர்கள் பரவிக் கிடக்கும்; அந்த எழுத்துகளை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். சித்தப்பா மிதிக்கமாட்டேன் என்று ஓரமாகச் சுற்றி வந்தார். எழுத்தை மிதிக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்த வளர்ப்பு.

அவரை நான் கூட்டிப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த இலையுதிர்காலம் முழுக்க நகரத்தில் 1920கள்தான் பேச்சு. அந்தக் காலத்தைக் காட்டும் பெரிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் சுவரொட்டிகள். முத்துமாலையும் தலையில் இறகுமாக ‘இருபதுகள் இரவு’ என்று விருந்துகள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்கூட ஒரு சனிக்கிழமை அப்படிக் கொண்டாடினோம். காகிதத்தில் நெற்றிப்பட்டி செய்து பாட்டிமாருக்குக் கட்டிவிட்டோம். இருபதுகளின் பேர்லின் என்றால் குற்றமும் கூத்தும், கொக்கெயினும் ஷாம்பெயினும், எல்லாம் மிஞ்சிப்போன காலம். விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதியும் அதைத் தேடித்தான் வந்திருந்தது. நானும் அப்படித்தான் முதல்முறை போனேன். போன இடத்தில் மாமன் வாழ்ந்த வீட்டின் முகவரியைப் படித்தேன்: குர்ஃபுர்ஸ்ரண்டாம் 29.

அன்று இரவே சித்தப்பாவுக்கு எடுத்தேன்.

“எத்தினையாம் இலக்கம் எண்டனீ?”

“இருபத்தொன்பது. பின்கட்டு. நாலாம் மாடி.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அது நான் கோப்பை கழுவின இடத்திலயிருந்து ரெண்டு தெருவெல்லே” என்றார்.

*

சித்தப்பா 1985இல் வந்தவர். அந்த நாளில் எங்கள் ஆட்கள் வந்த பாதை அது: கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்குவது, பிரீட்றிஷ்ஸ்ற்றாச ரயில் நிலையத்துக்குள் நடந்து மேற்குக்குள் நுழைவது. நகரத்தைப் பிரித்த கோட்டை எல்லையென்று மேற்கு ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தால் படுக்க இடம் கிடைக்கும். வேலை செய்ய அனுமதி கிடைக்காது. ஊரில் இரண்டு தங்கைகள், கட்டவேண்டிய கடன். ஆகவே கறுப்பில வேலை. பின்னேரம் ஆறு மணிக்குக் குசினிப் பின்கதவால் போனால் இரவு இரண்டு மணிக்கு அதே கதவால் வருவார். முன்வாசலை அவர் நான்கு வருடத்தில் ஒருமுறைகூடக் கடந்ததில்லை. கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கேட்கப் போனால் பொலிஸுக்குச் சொல்லுவேன் என்றார்களாம். சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தவர் அவர்தான்.

“மாமன் எண்டால் ஆம்பிளையாக்கும் எண்டு நினைச்சன்” என்றார் வாசலில். இல்லை, பெண். 1890இல் பேர்லினில் பிறந்து, பாரிசில் வளர்ந்தவர். தகப்பன் வசதியான வணிகர். 1914இல் போர் வெடித்ததும் பிரான்சில் இருந்த ஜேர்மன்காரர் எல்லாரும் எதிரிகளானார்கள். குடும்பம் ஓடித் தப்பியது. சொத்து முழுவதும் பறிமுதல். இருபத்தைந்து வயதில், பிரெஞ்சு மொழியில் கனாக்காணும் ஒரு பெண், தான் பிறந்த நகரத்துக்கே கையில் காசில்லாமல் அந்நியராக வந்து சேர்ந்தார். உடுப்புக்கடைகளுக்கு வடிவமைப்புப் படம், திரைப்பட விளம்பரம், கிடைத்ததெல்லாம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். 1920 வாக்கில் அக்காவோடு குர்ஃபுர்ஸ்ரண்டாமின் அந்தப் பின்கட்டுக்குக் குடிவந்தார். முன்பு ஒரு புகைப்படக்காரரின் பணிமனை. 1976இல் சாகும்வரை அதே இடம்.

இதைச் சொல்லி முடித்தபோது சித்தப்பா தலையை ஆட்டினார். “அப்ப எங்கட ஆள்தான்.”

*

அந்த நகரத்தின் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் படங்கள் வெறும் அலங்காரமாகிவிடும்.

1914இல் ஒரு டொலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். எண்ணைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். மாறியது சைபர்கள் மட்டும். போர்ச் செலவுக்கு வரி போடாமல் கடன் வாங்கிய அரசு, தோற்ற பிறகு அந்தக் கடனும் இழப்பீடும் கழுத்தை நெரிக்க, ரூர் தொழிற்பகுதியைப் பிரெஞ்சுப் படை பிடித்ததும் வேலை நிறுத்தியவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தாளை அச்சடித்துத் தள்ளியது. ஆயுள் முழுக்கச் சேமித்த ஆசிரியரின் பணத்தில் ஒரு பாண் வாங்கமுடியவில்லை. கடன் வாங்கிச் சொத்து வாங்கியவன் கடனைக் குப்பைத்தாளால் அடைத்துவிட்டுச் சொத்தோடு நின்றான். நேர்மையாக மிச்சம்பிடித்தவன் முட்டாளாகிப்போன ஊரில் ஒழுக்கம் எப்படி இருக்கும்? டொலரோ பவுணோ சட்டைப்பையில் வைத்திருந்த வெளிநாட்டானுக்கு அந்த நகரத்தில் எல்லாம் மலிவு, மனுசர் உட்பட.

மிஞ்சிப்போன கூத்து என்று சொல்வது இதைத்தான். கொக்கெயினும் எங்கிருந்தோ கடல் கடந்து இரகசியமாக வந்ததல்ல; ஜேர்மன் மருந்து ஆலைகளில் தயாரான சரக்கு, கைமாறித் தெருவுக்கு இறங்கியது.

எங்கள் இல்லத்தில் முன்பு ஒரு பாட்டி இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. இளமையில் தட்டெழுத்தாளராக இருந்தவர். இரவுப்பணியில் நித்திரை வராமல் கிடந்து எனக்குக் கதை சொல்வார். தங்கமான இருபதுகள் என்கிறார்களே, நீங்கள் ஆடினீர்களா என்று கேட்டேன். ஆடினோம், ஒவ்வொரு இரவும் ஆடினோம் என்றார். ஏன் தெரியுமா, ஆடுகிற மண்டபத்தில் கணப்பு இருந்தது, வாடகை அறையில் இல்லை என்றார். மாமன் வரைந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணப்பு எனக்கு ஞாபகம் வருகிறது.

*

மாமனிடம் நான் விழுந்துபோன இடம் அவருடைய நீர்வண்ணங்கள். ஒரு காகிதத்தில் கோட்டோவியம், அதன்மேல் இலேசாகக் கரைந்த நிறம். பத்திரிகைகளுக்காக வரைந்தவை, சிரிப்பிதழ்களும் பெண்களுக்கான இதழ்களும் வாங்கின. தேநீர்க்கடை மேசையில் கன்னத்தில் கைவைத்திருக்கும் விற்பனைப் பெண். மதுக்கடையில் பணக்காரக் கிழவருக்கு அருகில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் இளம்பெண். ‘சலிப்பூட்டும் பொம்மைகள்’ என்று 1929இல் ஒன்று: ஒரு சாய்கதிரையில் இரண்டு பெண்கள், பக்கத்தில் ஒரு பொம்மை; மூன்று பேருக்கும் ஒரே சலிப்பு. பெண்களுக்கு மட்டுமான இரவுக்கூடங்களுக்கும் போயிருக்கிறார். ஆண் உடுப்பும் உயரத் தொப்பியுமாக இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒருத்தியை வரைந்திருக்கிறார், கேலிக்காக அல்ல. அந்தப் பெண் அந்த ஓர் இரவில் யாருக்கும் பயப்படாமல் நிற்பதைப் பார்த்த ஒருவர்தான் அப்படி வரையமுடியும்.

ஒரு சோடிக் கண்களாக மட்டும் இருந்து, யார் கண்ணிலும் படாமல் உலகத்தில் நடந்துபோய், மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே தன் ஆசை என்று மாமன் சொல்லியிருக்கிறார். பின்கதவால் போய் வந்த ஒருவருக்கு இந்த ஆசை விளங்கும் என்று நினைத்தேன். சித்தப்பாவிடம் தமிழில் சொன்னேன். “எங்களையும் ஒருத்தரும் காணேல்ல. ஆனா அது ஆசைப்பட்டு இல்லை” என்றார். அந்த வித்தியாசம் உண்மைதான். மாமனுக்குக் காகிதமும் பென்சிலும் இருந்தன.

வேறு ஓவியர்களையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துக்கு உலகம் முழுக்க முகமாகிப்போனவர்கள் அவர்கள்தான். 1925இல் மன்ஹைம் நகர அருங்காட்சியகத்தில் ஹார்ட்லவுப் என்ற இயக்குநர் ஒரு கண்காட்சி வைத்து அதற்கு ‘நொய ஸாக்லிஷ்கைட்’ என்று பெயர் சூட்டினார். உணர்ச்சிப் பெருக்கை ஒதுக்கி, பொருளைப் பொருளாகவே பார்க்கும் பார்வை என்று அதைச் சொல்லலாம். ஓட்டோ டிக்ஸும் ஜோர்ஜ் குறோஸும் அதில் தலையானவர்கள். இருவரும் போருக்குப் போனவர்கள். டிக்ஸ் பதுங்குகுழியில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் கிடந்தவர். அவருடைய ‘பெருநகரம்’ என்ற மூன்றுமடிப்புப் படத்தைப் பிறகு ஸ்ருட்கார்ட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 1927, 28இல் வரைந்தது. கோயில் பீடத்தில் வைக்கும் படத்தின் வடிவத்தை எடுத்து, நடுவில் சாமிக்குப் பதிலாக ஜாஸ் வாசிக்கும் நடனக்கூடத்தை வைத்திருக்கிறார். இரண்டு சிறகுப் பலகைகளிலும் வெளித்தெரு: போரில் கால் போனவர்கள், முகம் சிதைந்தவர்கள், அவர்களைக் கடந்து போகும் விலைமாதர். நடுப்படத்தில் ஆடுபவர் எவர் கண்ணும் இரண்டு பக்கமும் திரும்புவதில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதன் முன்னால் நின்றால் ‘பொற்காலம்’ என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்லமுடியாது.

அதே இடத்தில் டிக்ஸ் வரைந்த அனிட்டா பேர்பரும் இருக்கிறார். 1925. சிவப்புச் சுவர், சிவப்பு உடுப்பு, சிவப்பு முடி, எலும்பு துருத்திய கை. நகரத்தையே அதிரவைத்த நடனக்காரி. அந்தப் படத்துக்கு இருந்தபோது அவருக்கு வயது இருபத்தாறுதான். படத்தில் இருப்பதோ ஐம்பது வயது முகம். மூன்று வருடத்தில், 1928இல், காசநோயில் செத்துப்போனார், இருபத்தொன்பது வயது. அது மகத்தான ஓவியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிக்ஸ் அவரைப் பார்த்து நகரத்தின் அழுகலை வரைந்தார். மாமன் வரைந்திருந்தால் அனிட்டாவை வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் சாய்வு. மாற்றிக்கொள்ள விருப்பமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் ஆண் ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த பொருள்களில் ஒன்று ‘லுஸ்ற்மோர்ட்’, காமவெறிக் கொலை. வெட்டுண்ட பெண்ணுடல்கள். டிக்ஸ் தன்னையே கொலைகாரனாக வரைந்தார். கண்ணாடிக்கு முன் நிற்கும் தன் வருங்கால மனைவிக்குப் பின்னால் கத்தியோடு பதுங்குவதுபோல் குறோஸ் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். போர் மனிதனுக்குள் விதைத்த வெறியை வெளிக்கொட்டினார்கள் என்று கலை வரலாறு விளக்குகிறது. இருக்கலாம். ஆனால் அதே பேர்லினில், சிலேசிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கார்ல் குறோஸ்மான் என்பவன் 1921 ஓகஸ்டில் பிடிபட்டான். வேலை தேடியும் சாப்பாடு தேடியும் நகரத்துக்கு வந்த ஏழைப் பெண்களை வீட்டுவேலை தருவதாகக் கூட்டிப்போய்க் கொன்றவன். தீர்ப்புக்கு முன்னரே சிறையில் தூக்குப்போட்டுக்கொண்டான். எத்தனை பேரைக் கொன்றான் என்று ஒருபோதும் சரியாகத் தெரியவரவில்லை. கொலைகாரனின் பெயர் நூறு வருடமாக நிற்கிறது. அந்தப் பெண்களைத் தேடி யாரும் வரவில்லை என்பதால்தான் எண்ணிக்கைகூட இல்லை. ஒரு கண்காட்சிச் சுவரில் அந்தப் படங்களைத் தொங்கவிடும்போது, அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும். நான் பார்த்தவரையில் ஓவியரின் மனநிலைக்குப் பத்து வரி இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அது எனக்கு நோகிறது.

*

குற்றம் என்ற சொல்லுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துப் பேர்லின் குற்றக் கதைகளில் சுற்றுலாக்காரருக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று ‘வளையச் சங்கங்கள்’. சிறையிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவ என்று தொடங்கி, பின்னர் இரவுநகரத்தைக் கையில் வைத்திருந்த கூட்டங்கள். பெயர்கள் எல்லாம் பாட்டுச் சங்கம், சேமிப்புச் சங்கம் மாதிரி. ‘என்றும் விசுவாசம்’ என்று ஒன்று. உறுப்பினன் உள்ளே போனால் குடும்பத்துக்கு மாதப்படி. செத்தால் உயரத் தொப்பி அணிந்த ஊர்வலம். மற்றது ஸாஸ் சகோதரர்கள். 1929 ஜனவரியில் விற்றன்பேர்க்பிளற்ஸ் வங்கியின் பெட்டக அறைக்குள் நிலத்துக்கு அடியால் துளைத்துப் போனவர்கள். பொலிஸ் பிடித்தது, நிரூபிக்க முடியாமல் விட்டது. ஊரே அவர்களுக்குக் கைதட்டியது. கதை அங்கே முடிவதில்லை: 1940இல் நாசிகள் இருவரையும் ஸாக்சன்ஹவுசன் முகாமில் சுட்டுக்கொன்றார்கள்.

இவை சுவையான கதைகள். ஆனால் அந்த ஆண்டுகளின் உண்மையான குற்றக் கணக்கை எழுதியவர் எமில் கும்பெல் என்ற கணித அறிஞர். வெள்ளப்பெருக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயரம் வரும் என்று கணிக்கும் பொறியியலாளர்களுக்கு அவர் பெயர் தெரியும். அந்தக் கணக்குக்கே அவர் பெயர்தான். அதே மனிதர் 1922இல், போர் முடிந்த பிறகு நான்கு வருடங்களில் ஜேர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். வலதுசாரிகள் செய்தவை 354. அவற்றில் 326க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றுக்காகப் பத்துப் பேருக்கு மரண தண்டனை. நீதிபதிகள் பழைய மன்னராட்சியின் நீதிபதிகள். தீர்ப்பும் பழைய விசுவாசத்தில் வந்தது.

இடதுசாரிப் புரட்சித் தலைவர் றோசா லக்சம்பேர்க்கைக் கொன்று லாண்ட்வேர் கால்வாயில் எறிந்தது 1919 ஜனவரி 15. உடல் மே மாத முடிவில்தான் மிதந்தது. அந்தக் கால்வாய் அருங்காட்சியகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடுகிறது. வெளிவிவகார அமைச்சர் றாத்தனவ்வைப் பட்டப்பகலில் காரில் வைத்துச் சுட்டது 1922 ஜூன் 24. நகரத்தைச் சீரழித்த குற்றம் எது என்று கேட்டால், கொக்கெயின் விற்ற பொடியனையும் ஆண் உடுப்புப் போட்டு ஆடிய பெண்ணையும் காட்டினார்கள். கொலைகாரரை மன்னித்து அனுப்பிய நீதிமன்றத்தைக் காட்டவில்லை.

குறோஸ் காட்டினார். 1926இல் வரைந்த ‘சமூகத்தின் தூண்கள்’ இந்த நகரத்துத் தேசியக் காட்சியகத்தின் சொத்து. கழுத்துப்பட்டியில் சுவஸ்திகா ஊசி குத்திய கனவான் கையில் பியர்க் கோப்பையோடு இருக்கிறார். திறந்த மண்டைக்குள்ளிருந்து குதிரைவீரன் பாய்கிறான். பத்திரிகைக்காரர் தலையில் மூத்திரச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறார். அரசியல்வாதியின் மண்டைக்குள் மலம் ஆவிபறக்கிறது. பின்னால் கட்டடம் எரிய, மதகுரு கையை விரித்து ஆசி கொடுக்கிறார். நாசிகள் ஆட்சிக்கு வர இன்னும் ஏழு வருடம் இருக்கும்போது வரைந்த படம் இது. டிக்ஸிடம் எனக்குக் குறை இருக்கிறது, குறோஸின் கத்தி விளையாட்டில் கோபம் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு படத்துக்காகக் குறோஸைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

1933இல் வந்தவர்கள் ‘சீர்கெட்ட நகரத்தைச் சுத்தம் செய்கிறோம்’ என்றுதான் வந்தார்கள். மிஞ்சிப்போன கூத்து என்ற பேச்சை அவர்கள்தான் அதிகம் பேசினார்கள். இரவுக்கூடங்கள் மூடின. பாலியல் ஆய்வுக்காக மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய நிறுவனத்தை மே 6ஆம் திகதி சூறையாடி, நான்கு நாளில் அதன் புத்தகங்களை ஓப்பராச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். டிக்ஸைப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஹார்ட்லவுப்பையும் நீக்கினார்கள். குறோஸ் ஜனவரியிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1937இல் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்தவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். சுமார் 650 படைப்புகள். இருபது இலட்சம் பேர் போய்ப் பார்த்தார்கள். போரில் ஊனமானவர்களை டிக்ஸ் வரைந்த படம் அங்கே தொங்கியது. அதற்குப் பிறகு அது இல்லாமலே போய்விட்டது. எனவே, ஒரு நகரத்தின் ‘கெட்ட காலம்’ என்று யாராவது கண்காட்சி வைக்கும்போது யார் அதை வைக்கிறார்கள், கெட்டது என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை நான் முதலில் பார்க்கிறேன்.

மாமன் எங்கும் போகவில்லை. வாங்கிய இதழ்கள் மூடப்பட்டன அல்லது நாசிகளுக்கு வளைந்தன. வளைந்தவற்றுக்கு அவர் வரைய மறுத்தார். கைவண்டியில் பழைய புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு தெருவில் விற்றார். நாலாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, தடைசெய்யப்பட்ட பாணியில், உடைந்து கூராகிப்போன உருவங்களை வரைந்தார். கண்காட்சியில் அந்த அறைக்குள் வந்ததும் கூட்டம் மெலிந்துவிட்டது. நடனக்கூடம் இல்லை, சிகரட் இல்லை. ‘நெரிக்கும் தேவதை’ என்று ஒன்று, போர்க்காலத்தில் வரைந்தது. முதல் அறையில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றவர்கள் இங்கே நடந்துகொண்டே பார்த்தார்கள். இன்னும் உள்ளே, போருக்குப் பிந்திய வேலைகள்: நூல், பொதி கட்டும் கயிறு, இனிப்புச் சுற்றி வரும் மினுக்குத்தாள்.

சித்தப்பா அந்தத் தாள்களுக்குக் கிட்டப் போனார். காவலுக்கு நின்ற பெண் ஒரு அடி முன்னால் வந்தார். “தொடமாட்டன்” என்று ஜேர்மனில் சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, எத்தனை மணியிலிருந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். பத்து மணியிலிருந்து. உட்காரக் கதிரை தருவதில்லையா? அந்தப் பெண் சிரித்தார். அந்த நாளில் அவரோடு யாரும் பேசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

*

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோதுதான் அந்தக் கதையைச் சொன்னார். முப்பது வருடத்தில் நான் கேட்டிராதது.

“அங்க எங்கட குசினிக்குப் பின்பக்கம் ரெண்டு இரும்புப் படி. பக்கத்துக் கட்டடத்தில ஆடுற கிளப் ஒண்டு. அங்க ஆடின பிள்ளை ஒண்டு ஒரு மணி போல வந்து அந்தப் படியில இருக்கும். உயரச் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, தட்டைச் சப்பாத்துக்குள்ள பேப்பரை மடிச்சு வைக்கும், குளிருக்கு. நானும் அப்பிடித்தான் வைக்கிறனான். அதைக் கண்டிட்டுச் சிரிச்சுது. பிறகு சிகரட் ஒண்டு தரும். நான் பத்துறேல்ல எண்டு தெரிஞ்சும் தரும். வாங்கிப் பொக்கற்றுக்குள்ள வைப்பன்.”

“என்ன பேர்?”

“கேக்கேல்ல.”

“கதைக்கேல்லயா?”

“என்னத்தைக் கதைக்கிறது, எனக்கு ஜேர்மன் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் சரியாத் தெரியாது. போலந்துக்காரி எண்டு நினைக்கிறன்.” பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஒரு நாள் வரேல்ல. பிறகும் வரேல்ல.”

அருங்காட்சியகக் கடையில் ‘ரெவ்யூப் பெண்கள்’ தபாலட்டை வாங்கியிருந்தார். மேற்சட்டையின் உட்பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. குர்ஃபுர்ஸ்ரண்டாமுக்குப் போனோம். 29இன் முன்கட்டில் விளக்கெரியும் கடைகள், நத்தார் அலங்காரம். பின்கட்டு நாலாம் மாடி தெருவிலிருந்து தெரியாது. அந்தப் பணிமனையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், முன்பதிவு செய்தால் பார்க்கலாம் என்று சொன்னேன். “ஒரு நாளைக்குப் போவம்” என்றார், ஆனால் கால்கள் வேறு பக்கம் திரும்பியிருந்தன. இரண்டு தெரு நடந்தோம். உணவகம் இருந்தது, பெயர் வேறு, சமையல் வேறு. முன்வாசலில் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்த சோடியைக் கடந்து, பக்கத்து முடக்கால் முற்றத்துக்குள் போனார். குப்பைத்தொட்டிகள், சைக்கிள்கள். கிளப் இருந்த இடத்தில் பல்வைத்தியரின் பலகை.

இரும்புப் படிகள் அப்படியே இருந்தன. அதில் குசினி ஏப்ரன் கட்டிய ஒரு பொடியன், இருபது வயது இருக்கும், கைபேசியில் எங்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் கதைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான், ஏதோ பிழை செய்துவிட்டவன்போல. இரு, இரு என்று சித்தப்பா கையைக் காட்டினார். கிட்டப் போய் மெதுவாக ஏதோ கேட்டார். பொடியன் இரண்டு விரலைக் காட்டினான். சித்தப்பா இன்னொன்று கேட்டார். பொடியன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

திரும்பி வந்தார்.

“ரெண்டு மணி மட்டும் எண்டுறான்.”